விடுதி அறையில் மூட்டைப்பூச்சி: "உங்கள் பெட்டியில்தான் வந்திருக்கும்" என்ற பதிலை ஏற்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் நடந்தது இதுதான். ஒரு விடுதியில் மூன்று இரவுகளுக்கு அறை எடுத்தீர்கள். முதல் இரவு கழிந்து எழுந்தபோது கழுத்திலும் முழங்கையிலும் தடிப்புகள் இருந்தன; படுக்கை விரிப்பில் ஒரு பூச்சி ஊர்ந்தது. கைபேசி விளக்கை அடித்துப் பார்த்து, மெத்தையின் தையல் ஓரத்தையும் சுவரோடு பொருத்தப்பட்ட தலைமாட்டுப் பலகையின் பின்புறத்தையும் படம் எடுத்தீர்கள். வரவேற்பு மேசையில் இருந்தவர் முதலில் கொசுக்கடி என்றார். பூச்சியைக் காட்டிய பிறகு, அது உங்கள் பெட்டியில் வந்திருக்கும் என்றார். பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். பழைய அறையில் ஒருவர் மருந்தடித்துவிட்டு விரிப்புகளை அள்ளிக்கொண்டு போனார். வீடு திரும்பி நீங்கள் எழுதிய கடிதத்துக்கு, "ஆய்வு செய்தோம், எதுவும் காணப்படவில்லை" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஆகவே, விடுதியில் மூட்டைப்பூச்சி இருக்கலாமா என்பதல்ல உங்கள் உண்மையான கேள்வி. அவர்கள் சொன்னவை உண்மையாக இருக்கக்கூடுமா, அல்லது உங்களைத் தட்டிக்கழித்தார்களா, நீங்கள் கோபப்படுவதில் நியாயம் உண்டா என்பதைத்தான் கேட்கிறீர்கள்.

பூச்சியியல் படித்தவன் நான். தங்கும் இடங்களில் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆய்வு செய்வதும், விடுதிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். அதனால் விடுதியின் சார்பில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் அறையில் மூட்டைப்பூச்சி இருப்பது அந்த விடுதி அசுத்தமானது என்பதற்குச் சான்று ஆகாது. அழுக்கையோ குப்பையோ தேடி இப்பூச்சி வருவதில்லை. அதற்கு வேண்டியது உறங்கும் மனிதரின் இரத்தம் மட்டுமே. பெட்டியிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகிறது. நாள்தோறும் புதியவர்கள் வந்து தங்கும் இடத்தில் அது என்றாவது ஒருநாள் நுழையவே செய்யும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி போன்ற மருந்துகளால் பல நாடுகளில் ஏறத்தாழ மறைந்துபோன இது, 1990-களின் பிற்பகுதியிலிருந்து மீண்டும் பரவியது. விலை உயர்ந்த விடுதியும் எளிய விடுதியும் இதில் ஒன்றுதான். எனவே பூச்சி இருந்தது என்பதற்காக மட்டும் நான் எந்த விடுதியையும் குறை சொல்ல மாட்டேன். புகார் வந்த பிறகு முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதை வைத்தே குறை சொல்வேன்.

இப்போது "உங்கள் பெட்டியில்தான் வந்தது" என்ற பதிலுக்கு வருவோம். விரிப்பில் ஊர்ந்த ஒற்றைப் பூச்சியை மட்டும் வைத்துப் பார்த்தால், அது எங்கிருந்து வந்தது என்று உங்களாலும் சொல்ல முடியாது, அவர்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் உங்கள் படங்களில் ஒற்றைப் பூச்சிக்கு மேல் நிறைய இருக்கிறது. மூட்டைப்பூச்சி முட்டையிலிருந்து வெளிவந்து முழுப் பூச்சியாவதற்குள் ஐந்து இளம்பருவங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு பருவத்தையும் கடக்க ஒரு முறையாவது இரத்தம் குடித்தாக வேண்டும், ஒவ்வொரு முறையும் தன் தோலை உரித்துப் போடுகிறது. முட்டை பொரிக்கவே ஏறத்தாழ ஆறு முதல் பத்து நாள் ஆகும். முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெறச் சாதகமான வெப்பத்திலும் ஒரு மாதம் அளவுக்குப் பிடிக்கும். நீங்கள் எடுத்த படத்தில் பலகையின் பின்புறம் உரிந்த தோல்கள் குறைந்தது மூன்று அளவுகளில் தெரிகின்றன. சுவரோடு திருகி வைத்த பலகைக்குப் பின்னால், ஒரே இரவில், மூன்று வெவ்வேறு பருவத்துத் தோல்களை உங்கள் பெட்டி கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வழியில்லை.

படத்தில் தெரியும் கருப்புப் புள்ளிகளும் இதையே சொல்கின்றன. அவை செரித்த இரத்தத்தின் எச்சம். துணியில் பட்டால் மைப்பேனாவின் முனையை ஊன்றியதைப் போல ஊறிப் பரவியிருக்கும். வழவழப்பான மரத்தில் சிறு மேடுகளாக நிற்கும். ஈரத் துணியால் தேய்த்தால் செம்பழுப்பாகக் கரையும். இரண்டு மூன்று புள்ளிகள் ஓரிரவில் விழலாம். ஆனால் பலகையின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொத்தாகப் படிந்திருப்பது, பல பூச்சிகள் பல நாட்கள் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து பதுங்கியதன் அடையாளம். தோல்களும் புள்ளிக்கொத்தும் ஒரே இடத்தில் இருப்பதால், நீங்கள் அந்த அறைக்குள் காலெடுத்து வைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே அங்கே பூச்சிகள் குடியிருந்தன என்று தயக்கமின்றிச் சொல்வேன். எத்தனை வாரம், அதற்கு முன் தங்கிய யாரிடமிருந்து வந்தன என்பதை மட்டும் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அது உங்களுக்குத் தேவையும் இல்லை.

தடிப்புகளைப் பற்றி இதே உறுதியோடு பேச மாட்டேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் அதிகம் நம்பியிருப்பது கடித்தடங்களைத்தான். சான்றுகளில் மிகவும் பலவீனமானது அதுவே. வரிசையாக மூன்று தடிப்பு இருந்தால் மூட்டைப்பூச்சி என்று பலரும் சொல்வார்கள். ஆனால் தடிப்பின் தோற்றத்தை மட்டும் பார்த்து எந்தப் பூச்சி கடித்தது என்று உறுதியாகச் சொல்ல மருத்துவர்களாலும் இயலாது. சிலருக்குக் கடி பட்டாலும் அடையாளமே தெரியாது. சிலருக்கு மறுநாளே வீங்கும். சிலருக்கு இரண்டு வாரம் வரை கழித்தும் தடிப்பு எழும்பும். எனவே உங்கள் தடிப்புகள் முந்தைய நாட்களில் வேறெங்கோ பட்ட கடியாகவும் இருக்கலாம் என்று அவர்கள் சொன்னால், அந்த ஒரு வாதத்தை நான் மறுக்க மாட்டேன். வரவேற்பாளர் பூச்சியைப் பார்ப்பதற்கு முன் கொசுக்கடி என்று நினைத்ததையும் நான் பெரிய குற்றமாகக் கருதவில்லை. பூச்சியைக் கண்ணால் கண்ட பிறகும் அறைக்கு வந்து பார்க்காமல் உங்கள் பெட்டியைக் குற்றம் சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை.

"எதுவும் காணப்படவில்லை" என்ற வரியை எப்படி வாசிக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். காணப்படவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. முழு வளர்ச்சி பெற்ற பூச்சி ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர் நீளம் கொண்டது; பசித்திருக்கும்போது காகிதத்தைப் போலத் தட்டையானது; ஒரு கடன் அட்டை நுழையும் இடுக்கு இருந்தால் அதற்குள் நுழைந்துவிடும். முட்டை ஒரு மில்லிமீட்டர்தான்; வெண்மையானது; பசைபோல் ஒட்டியிருக்கும். முறையான ஆய்வு என்றால் தலைமாட்டுப் பலகையைக் கழற்ற வேண்டும், கட்டிலைக் கவிழ்க்க வேண்டும், மெத்தையின் ஓரம் முழுவதும் விரலால் விரித்துப் பார்க்க வேண்டும், பக்கத்து மேசையின் இழுப்பறைகளை உருவ வேண்டும், மின்பொத்தான் பலகைகளின் ஓரங்களையும் பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவருக்கே ஓர் அறைக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும் வேலை இது. குறைந்த எண்ணிக்கையில் பூச்சி இருக்கும்போது, நான் உட்பட, அனுபவமுள்ளவர்களும் தவறவிடுவதுண்டு. அதிலும் உங்கள் விஷயத்தில் விரிப்புகளை முன்பே அகற்றி மருந்தடித்த பிறகுதான் ஆய்வு நடந்திருக்க வேண்டும். சாட்சியைக் கலைத்துவிட்டு, சாட்சி இல்லை என்று சொல்வதற்கு ஒப்பானது அது. அது வேண்டுமென்றே செய்ததா, தெரியாமல் செய்ததா என்பதை உங்கள் விவரங்களிலிருந்து என்னால் தீர்மானிக்க முடியாது. தெரியாமல்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். ஏனென்றால் பயிற்சி இல்லாத இடத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவதே விரிப்பை மாற்றுவதும் மருந்தடிப்பதும்தான்.

அந்த மருந்தடிப்பும் பயனற்றதாகவே இருந்திருக்கும். கடைகளில் கிடைக்கும் தெளிப்பான்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. உலகின் பல பகுதிகளில் மூட்டைப்பூச்சிகள் அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டன. அறை முழுவதும் புகையாகப் பரவும் தெளிப்பான்கள் இடுக்குகளுக்குள் ஊடுருவுவதில்லை. பூச்சி சாகாமல் கலைந்தால், சுவரில் குழாயும் கம்பியும் செல்லும் துளைகள் வழியே அடுத்த அறைக்குப் போகவும் வாய்ப்புண்டு. இதோடு சேர்த்துப் பார்த்தால்தான் உங்களைப் பக்கத்து அறைக்கு மாற்றியது எவ்வளவு பெரிய பிழை என்று புரியும். மூட்டைப்பூச்சி உள்ள அறையோடு சுவரையோ தரையையோ கூரையையோ பகிர்ந்துகொள்ளும் அறைகளைத்தான் அடுத்ததாகச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு பக்கம், மேலே, கீழே என நான்கு அறைகளையும் சோதிக்காமல் அவற்றில் ஒன்றில் விருந்தினரை வைப்பது அவரை மீண்டும் அதே ஆபத்தில் நிறுத்துவதாகும். உங்கள் பெட்டியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு போகச் சொன்னதால், அந்த அறையில் பூச்சி இல்லாமல் இருந்திருந்தாலும், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்களே வழி செய்துவிட்டார்கள்.

விடுதிகள் இப்படி நடந்துகொள்வதன் விளைவு எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை என் பயிற்சி வகுப்புகளில் எப்போதும் சொல்வேன். சிகாகோவில் இருந்த 191 அறைகள் கொண்ட ஒரு மோட்டலில் (வாகனத்தில் வருவோர் தங்கும் எளிய விடுதியில்) 1998-இல் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒன்று சில அறைகளில் மூட்டைப்பூச்சியைக் கண்டுபிடித்து, 500 டாலருக்கு எல்லா அறைகளுக்கும் மருந்தடித்துத் தருவதாகச் சொன்னது, மோட்டல் மறுத்துவிட்டது. பிறகு புகார்கள் பெருகின. மேலாளர் ஒருவர் மோட்டலையே சில காலம் மூடி மருந்தடிக்கலாம் என்று கேட்டும் மேலிடம் சம்மதிக்கவில்லை. முன்மேசைப் பணியாளர்களிடம், பூச்சியைப் பற்றிக் கேட்டால் மூட்டைப்பூச்சி என்று சொல்லாமல் உண்ணி என்று சொல்லும்படி அறிவுறுத்தினார்கள். ஒரு விருந்தினரை மாற்றி வைத்த அறையிலும் பூச்சி இருந்ததால், அவரை மீண்டும் வேறு அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. "மருந்தடிக்கும் வரை வாடகைக்கு விடக் கூடாது" என்று பதிவேட்டில் குறிக்கப்பட்டிருந்த அறையையே 2000-ஆம் ஆண்டு நவம்பரில் இருவருக்குக் கொடுத்தார்கள். கடிபட்ட அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நடுவர் குழு (ஜூரி) அவ்விருவருக்கும் இழப்பீடாகத் தலா 5,000 டாலரும், தண்டனைத் தொகையாகத் தலா 186,000 டாலரும் வழங்கியது. 2003-இல் அமெரிக்கக் கூட்டாட்சியின் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர். உங்கள் விஷயமும் இப்படித்தான் முடியும் என்று இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாட்டின் சட்டமும் வேறு, நான் வழக்கறிஞனும் அல்லன். அந்த வழக்கில் பெருந்தொகைக்குக் காரணம் பூச்சி அல்ல, தெரிந்தே மறைத்ததுதான். அதைப் புரிந்துகொள்ளுங்கள்.

பூச்சியின் பெயரைச் சொல்லாமல் தவிர்க்கும் அந்த வழக்கத்தை நானும் நேரில் கண்டிருக்கிறேன். ஒரு விடுதிக்கு ஆய்வுக்குப் போயிருந்தபோது, ஓர் அறையின் பலகைக்குப் பின்னால் பல மாதங்களாகப் படிந்த எச்சத்தைப் பார்த்துவிட்டு, இதுவரை யாருமே புகார் சொல்லவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார் மேலாளர். பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன். அதே அறைக்கு நேராக நான்கு மாதத்தில் மூன்று முறை "விருந்தினர் வேறு அறை கேட்டார்" என்று எழுதியிருந்தது. ஏன் கேட்டார் என்று ஒரு முறையும் எழுதவில்லை. மேலாளர் பொய் சொல்லவில்லை; அவருடைய பதிவேட்டில் மூட்டைப்பூச்சி என்ற சொல்லே இல்லை, அவ்வளவுதான். பிறகு அந்தத் தளத்தைச் சுத்தம் செய்யும் அம்மாவிடம் தனியாகப் பேசினேன். அவருக்கு முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கிறது. முன்பு ஒருமுறை வேறோர் அறையைப் பற்றிச் சொன்னதற்கு, சரியாகச் சுத்தம் செய்யாததால்தான் பூச்சி வந்தது என்று அவரையே திட்டியிருக்கிறார்கள். அதன் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. அந்த அம்மா சொன்னதைக் கேட்டபோது வந்த வருத்தம் இன்றும் எனக்குப் போகவில்லை. தினமும் மெத்தையைத் தொட்டுத் தூக்கும் கைகள் அவருடையவை. அந்த விடுதிக்கு அவரைவிடச் சிறந்த ஆய்வாளர் யாரும் கிடைக்கப் போவதில்லை. உங்களிடம் கடுமையாகப் பேசிய வரவேற்பாளரும் இப்படி ஏதோ ஓர் அச்சத்தில்தான் பேசியிருக்கக்கூடும். அதனால் உங்கள் கோபத்தை அவர்மீது வைக்காமல், அவருக்கு அப்படிப் பேசக் கற்றுக்கொடுத்த நிர்வாகத்தின்மீது வையுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

சரியாக நடந்திருந்தால் அந்தக் காலை எப்படி இருந்திருக்கும்? வரவேற்பாளர் மறுத்தும் இருக்க மாட்டார், பழியை ஒப்புக்கொண்டும் இருக்க மாட்டார். சொன்னதற்கு நன்றி, உடனே வந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருப்பார். பொறுப்பாளர் ஒருவர் டார்ச் விளக்கோடு அறைக்கு வந்து, எதையும் அகற்றுவதற்கு முன் உங்களோடு சேர்ந்து பார்த்துப் படம் எடுத்திருப்பார். அறையைப் பூட்டி விற்பனையிலிருந்து நீக்கியிருப்பார்கள். சுவர் ஒட்டாத, முடிந்தால் வேறு தளத்தில் உள்ள ஓர் அறையை முன்கூட்டியே சோதித்து உங்களுக்குக் கொடுத்திருப்பார்கள். உங்கள் துணிகளை மூடிய பைகளில் வாங்கிக்கொண்டுபோய்ச் சூடான உலர்த்தியில் போட்டுத் திருப்பித் தந்திருப்பார்கள். விரிப்புகளை அறைக்குள்ளேயே பையில் கட்டியிருப்பார்கள். நடைபாதை வழியே கையில் அள்ளிப் போயிருக்க மாட்டார்கள். பூச்சிக் கட்டுப்பாட்டு வல்லுநர் அந்த அறையையும் சுற்றியுள்ள நான்கு அறைகளையும் பார்த்திருப்பார். ஒரு முறை மருந்தடித்தால் முட்டைகள் தப்பிவிடுவதால், ஏறத்தாழ இரண்டு வார இடைவெளியில் மறுபடி வந்திருப்பார். இறுதியில் யார், எந்த நாளில், எதைச் சோதித்து, எதைக் கண்டார் என்று உங்களுக்கு எழுத்தில் தெரிவித்திருப்பார்கள். இதில் எதற்கும் அரிய திறமையோ பெருஞ்செலவோ தேவையில்லை. உங்களுக்கு நடந்ததை இதனோடு வைத்துப் பாருங்கள். உங்கள் கோபம் அளவுக்கு மீறியது என்று நான் நினைக்கவில்லை.

இனி உங்கள் வீட்டைப் பற்றி. நீங்கள் பூச்சியைக் கொண்டுவந்துவிட்டீர்களா என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் வந்திருந்தாலும் ஆரம்பத்திலேயே நிறுத்திவிடலாம். பயணத்தில் கொண்டுபோன துணிகள் அனைத்தையும், உடுத்தாதவற்றையும் சேர்த்து, உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட விடுங்கள். நிறையப் போட்டால் நேரத்தைக் கூட்டுங்கள். இப்பூச்சியும் அதன் முட்டையும் ஐம்பது டிகிரி செல்சியஸுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. சூடு ஆகாத பொருள்களை மூடிய பையில் வைத்து, மைனஸ் 18 டிகிரி வரை குளிரும் உறைபெட்டியில் நான்கு நாட்களுக்குக் குறையாமல் வையுங்கள். பெட்டியின் தையல்களையும் ஜிப் ஓரங்களையும் தூசு உறிஞ்சியால் இழுத்து, உறிஞ்சிய தூசைப் பையில் கட்டி வெளியே போடுங்கள்; பெட்டியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். அடுத்த இரண்டு மாதம் வாரம் ஒரு முறை மெத்தையின் ஓரத்தை விளக்கடித்துப் பாருங்கள். மெத்தையில் மருந்தடிக்காதீர்கள், மெத்தையைத் தூக்கி எறியவும் வேண்டாம். மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோயைப் பரப்புவதாக நிறுவப்படவில்லை. அரிப்பும் தூக்கமின்மையும் மனவுளைச்சலும்தான் அதன் முதன்மையான தீங்கு. தடிப்பில் சீழ் வைத்தாலோ மூச்சுத் திணறினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

விடுதிக்கு மறுபடி எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுங்கள், ஆனால் முதல் கடிதத்தைப் போலத் தடிப்புகளிலிருந்து தொடங்காதீர்கள். தலைமாட்டுப் பலகையின் படத்திலிருந்து தொடங்குங்கள். தோல்கள் பல அளவில் இருப்பதையும் புள்ளிகள் கொத்தாகப் படிந்திருப்பதையும் சுட்டி, அவை ஓரிரவில் உண்டாக முடியாதவை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு நான்கு கேள்விகள் மட்டும் கேளுங்கள்: ஆய்வு செய்தவர் யார், அது மருந்தடிப்பதற்கு முன்பா பின்பா, பலகையைக் கழற்றிப் பார்த்தாரா, சுற்றியுள்ள அறைகளைப் பார்த்தாரா. அறை வாடகையைத் திருப்பித் தருவதையும் துணிகளைச் சுத்தம் செய்த செலவையும் தனியாக, தொகையோடு கேளுங்கள். படங்களின் மூலக்கோப்புகளை நாள், நேரக் குறிப்போடு அப்படியே வைத்திருங்கள். அந்தப் பூச்சியைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்ததாக எழுதியிருந்தீர்கள். அதை நசுங்காமல் ஒரு சிறு மூடிய குப்பிக்கு மாற்றி உறைபெட்டியில் வையுங்கள். அது உண்மையில் மூட்டைப்பூச்சியா என்பதை ஒரு பூச்சியியலாளர் உருப்பெருக்கியின் கீழ் பார்த்துச் சில நிமிடங்களில் உறுதிசெய்துவிடுவார். அந்த உறுதிச்சீட்டைக் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள்.